முதல் சம்பளம் வருவதற்கு முன்

தென்மாவட்டத்து பஸ்கள் விடியற்காலையில் கிளாம்பாக்கம் வந்து சேரும்போது, இறங்குகிறவர்களில் புதிதாக வேலையில் சேர வந்தவர் யார் என்று எளிதில் கண்டுபிடித்துவிடலாம். கனமான பயணப்பை ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள், சுருட்டிக் கட்டிய போர்வை. சென்ற ஆண்டு என் அக்கா மகன் அப்படித்தான் வந்து இறங்கினான். சிறுசேரியில் வேலை. "எங்கே தங்கப் போகிறாய்?" என்று கேட்டேன். "நண்பன் அறையில் ஒரு வாரம் இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறான் மாமா. அதற்குள் வீடு பார்த்துவிடுவேன்" என்றான். அந்த ஒரு வாரம் ஏழு வாரமாக நீண்டது. அதற்குள் மூன்று இடம் மாறினான். வேலையில் சேரும் நாளில் நிரப்பச் சொன்ன படிவத்தில் 'தற்போதைய முகவரி' என்ற கட்டத்தில் என் வீட்டு முகவரியை எழுதினான். நான் இருப்பது அவனுடைய அலுவலகத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்.

சென்னையில் வாடகை அதிகம் என்பது எல்லோரும் சொல்வது. உண்மைதான். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவரை முதலில் வீழ்த்துவது மாத வாடகை அல்ல. வேலை, பணத்தை மாத முடிவில் தருகிறது. நகரம் அதை முதல் நாளிலேயே கேட்கிறது. இந்த இடைவெளியை யார் வீட்டுப் பணம் நிரப்புகிறது என்பதைப் பொறுத்தே, கிடைத்த வேலையை ஒருவர் தக்கவைத்துக்கொள்வதும் பாதியில் விட்டு ஊர் திரும்புவதும் அமைகிறது. தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு எல்லாவற்றையும் தாண்டி வந்தவருக்கு, யாரும் அறிவிக்காத கடைசிச் சுற்று ஒன்று இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கையில் வரப்போகும் சம்பளம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணி நியமன ஆணையில் ஆண்டுத் தொகை இதைவிடப் பெரிதாகத் தெரியும். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். மாத வாடகை 9,000 ரூபாயில் ஓர் ஒற்றை அறை கிடைக்கிறது. ஐந்து மாத அட்வான்ஸ் 45,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. குடியேறும் மாதத்தின் வாடகை முன்கூட்டியே. ஆக 63,000 ரூபாய், ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம், ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். வாளி, பாய், மின்விசிறி, அடுப்பு இவற்றை நான் சேர்க்கவே இல்லை. சில உரிமையாளர்கள் இன்னும் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். அப்படியானால் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதோடு முதல் சம்பளமும் தள்ளிப் போகலாம். பல நிறுவனங்களில் மாதத்தின் நடுவில் சம்பளக் கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவருக்கு, அந்த மாதத்து நாள்களுக்கான பணமும் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். இருபதாம் தேதி சேர்ந்தவர் முதல் சம்பளத்தைப் பார்க்க நாற்பது நாளாகும். வங்கியில் தனிநபர் கடன் கேட்டால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொல்வார்கள். வீட்டு உரிமையாளரும் சம்பளச் சீட்டையும் அலுவலக அடையாள அட்டையையும் கேட்பார். சம்பளச் சீட்டு வருவதற்கு முதலில் தங்க ஓர் இடம் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டியவர்களுக்குக் கடைசியில் இரண்டே வழி: அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பது, அல்லது கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளிடம் சிக்குவது. அடகு வைக்கவும் ஒன்றும் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இவ்வளவு பெரிய அட்வான்ஸ் எப்படி வழக்கமானது? 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றே சொன்னது. அதே சட்டம், குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் வாடகையை உயர்த்துவதையும் கடினமாக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம் நிலவிய காலத்துச் சட்டங்களின் தொடர்ச்சி அது. குடியிருப்போரைக் காக்க வந்தது. ஆனால் ஒருமுறை ஆள் குடிவந்துவிட்டால், காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும் என்ற அச்சம் உரிமையாளர்களிடம் ஆழமாக வேரூன்றியது. அந்த அச்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்துதான் பத்து மாத அட்வான்ஸ். வாடகை நின்றால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். பெருந்தொகை சிக்கியிருந்தால் ஆள் சொன்னபடி கிளம்புவார். சட்டம் ஒரு மாதம் என்றது, தெரு பத்து மாதம் என்றது, தெருதான் வென்றது.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையே அளவு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக அதைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்ற முயல்வதும் கூடாது. 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, குடியிருப்புகளுக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் வேலைக்குச் சேர வந்து பத்து நாளாக நண்பன் அறையில் தரையில் படுத்திருக்கும் ஒருவர், ஆறு மாத அட்வான்ஸ் கேட்கும் உரிமையாளரிடம் "சட்டப்படி மூன்று மாதம்தானே?" என்று கேட்டுப் பார்க்கட்டும். "சரி தம்பி, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். வாடகை அதிகாரியிடம் போகலாம்தான். ஆனால் அங்கே முறையிடுவதற்கு முதலில் வாடகைதாரராக இருக்க வேண்டும். வீடு தேடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை, கிடைத்தவருக்குத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் என்று கையெழுத்தாவதும் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகைகளைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினொரு மாதக் கணக்கு. புதிய சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் பதியச் சொன்ன பிறகும், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

திரும்ப வர வேண்டிய அட்வான்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது பல இடங்களில் எழுதாத விதி. மீதியையும் "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பார்கள். அதாவது உரிமையாளர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டார். அலுவலகத்துக்கு அருகில் வேறு வீடு கிடைத்தாலும், பழைய அட்வான்ஸ் கைக்கு வரும்வரை புதிய அட்வான்ஸுக்குப் பணம் இல்லை. இதனாலேயே பலர் ஒத்துவராத வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

பணம் இருந்தாலும் வீடு கிடைத்துவிடுவதில்லை. என் அக்கா மகனுக்கு முதல் இரண்டு வாரமும் போனது இதில்தான். டு-லெட் போர்டு தொங்கும் வீட்டின் மணியை அடித்ததும் முதல் கேள்வி "குடும்பமா, பேச்சிலரா?" என்பதுதான். பேச்சிலர் என்றால் பாதிக் கதவுகள் மூடிவிடும். திறந்த கதவுகளில் அடுத்த கேள்வி "சொந்த ஊர் எது?" ஊரைச் சொன்னதும் "ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்பார்கள். கேட்பவருக்கு அந்த ஊரின் வரைபடத்தில் அக்கறை இல்லை. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த சுற்றுவழி அது. 'சைவம் மட்டும்' என்று போர்டில் எழுதுவதும் பல இடங்களில் அதே வேலையைத்தான் செய்கிறது. பெயரைச் சொன்ன உடனேயே "இப்போதுதான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய இஸ்லாமிய இளைஞர்களை எனக்குத் தெரியும். ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில், ஒரே சம்பளத்துக்குச் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு மூன்று நாளில் வீடு கிடைக்கிறது; இன்னொருவருக்கு இரண்டு மாதமாகிறது. இதற்கு எதிராக வாடகைச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தனியார் ஒருவர் தன் வீட்டை யாருக்கு விடலாம் என்பதில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் துணிச்சல் அரசுகளுக்கு இன்னும் வரவில்லை. இந்தத் துறையில் உடனே செய்ய வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், அட்வான்ஸுக்கும் முன்பாக இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக் கதவு திறக்காதவர்களுக்காகச் சென்னையில் நெடுங்காலமாக இருப்பவை திருவல்லிக்கேணி மேன்சன்கள். நீண்ட நடைபாதை, இருபுறமும் சிறு அறைகள், பொதுக் கழிப்பறை, கீழே மெஸ். வேலை தேடி வந்தவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், உதவி இயக்குநர்கள் என்று பல தலைமுறை ஆண்களை அவை தாங்கின. அங்கே சாதி கேட்பது குறைவு, அட்வான்ஸும் குறைவு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் இல்லாமல் மேன்சன்களும் திண்டாடின; பழைய மகாபலிபுரம் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் அப்போதுதான். வேலைவாய்ப்பு இப்போது திருவல்லிக்கேணியை விட்டுத் தெற்கே பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகர்ந்துவிட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து தொடங்கிய நகர்வு அது. மேன்சன்களின் இடத்தை அங்கே பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதிகள் பிடித்துக்கொண்டன.

புதிதாக வருகிறவருக்கு பி.ஜி. ஒரு நல்ல முதல் படி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாத அட்வான்ஸில் உள்ளே நுழைந்துவிடலாம். கட்டிலும் சாப்பாடும் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் வாங்குவது அறை அல்ல, அறையில் ஒரு கட்டில். மூன்று பேர் இருக்கும் அறையில் ஆளுக்கு 7,000 என்றால் அந்தச் சின்ன அறையின் வாடகை 21,000 ஆகிறது. சதுர அடிக் கணக்கில் ஏழைதான் அதிகம் கொடுக்கிறார். பெண்கள் விடுதிகளில் இரவு ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ கதவைப் பூட்டிவிடுவார்கள். இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வருகிற பெண் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பெண்கள் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சேருவதற்கு முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சில விடுதிகள் கட்டணத்தோடு ஜிஎஸ்டி சேர்த்து வசூலித்தன. 2024 மார்ச்சில் பெண்கள் விடுதிகள் தொடர்பான வழக்கில், விடுதியில் தங்குவதும் குடியிருப்புதான், அதற்கு வரி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. ரசீதில் அந்த வரி இருந்தால் கேள்வி கேட்க உரிமை உண்டு.

மின்சாரமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு பயன்பாடு ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறும். ஆனால் ஒரே இணைப்பில் நான்கு போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து, எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்று வசூலிக்கும் வீடுகளில், அந்த இலவச யூனிட்டின் பலன் குடியிருப்பவரை எட்டுவதே இல்லை. அரசின் மானியம் உரிமையாளரின் பையிலேயே தங்கிவிடுகிறது.

தொழிற்சாலைப் பக்கம் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் புதிதாகச் சேரும் பெண்களில் மிகப் பலர் வெளி மாவட்டத்து இளம்பெண்கள். அவர்களுக்கு வீடு தேடும் வேலை இல்லை; ஒப்பந்ததாரரே விடுதியில் சேர்த்துவிடுவார். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இறங்கி மறியல் செய்தபிறகுதான், உலகத்தின் விலை உயர்ந்த கைபேசிகளைப் பொருத்தித் தரும் கைகள் எப்படிப்பட்ட அறையில் உறங்குகின்றன என்பது வெளியே தெரிந்தது.

அதன் பின் அரசு எடுத்த முயற்சி சிறியதல்ல. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் வளாகத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்துவைத்தார். பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். சாலையோர வாடகைக் கட்டடத்தில் நெருக்கியடித்துப் படுத்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இங்கே படுக்கை வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போகிற நாளில் தங்குமிடமும் போய்விடும் என்றால், மேலதிகாரியிடம் குறை சொல்ல எத்தனை பெண்கள் துணிவார்கள்? அரசின் தோழி விடுதிகள் இந்த விதத்தில் மேலானவை என்று நினைக்கிறேன். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இயங்கும் அவற்றில் எந்த நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணும் சேரலாம். நிறுவனம் மாறினாலும் கட்டில் மாறாது. வருகிற பெண்களின் எண்ணிக்கைக்கு அவை போதவில்லை. ஆண்களுக்கு இப்படி ஒன்றும் இல்லை.

தொலைவில் தங்கினால் வாடகை குறையும் என்பார்கள். செங்கல்பட்டிலும் அரக்கோணத்திலும் தங்கிப் புறநகர் ரயிலில் வருகிறவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் நிறுவனங்கள் குவிந்திருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில், தரமணிக்குத் தெற்கே ரயிலே இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ தடத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்கு பஸ்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல். நேரத்தை யாரும் இலவசமாகத் தருவதில்லை. இதே சாலைக்கு அருகில்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே வீடு கிடைத்தது. வீட்டு வேலையும் கூலி வேலையும் இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. அதே சாலையின் இன்னொரு பக்கம், வேலை கிடைத்தவர்கள் வீடு தேடி அலைகிறார்கள்.

நாடு முழுவதும் வீட்டுவசதிக் கொள்கை சொந்த வீட்டைச் சுற்றியே சுழன்றிருக்கிறது. 2017–18 பொருளாதார ஆய்வறிக்கையின்படி, நகர்ப்புற வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 சதவீதம். 2011இல் அது 28 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் 1.1 கோடிக்கும் அதிகமான வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, 2020 ஜூலையில், மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசு தொடங்கியது. வாடகைக்கு இருப்பவருக்கென்று காலங்காலமாக இருந்த சலுகை பெரும்பாலும் வருமான வரியில் வாடகைக்குக் கிடைக்கும் கழிவுதான். வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாத புதியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உடனே செய்யக்கூடிய ஒன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்து, பத்து மாதத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு முதல் பதினைந்து நாள் தங்க இடம் கொடுக்கலாம். மேல்நிலைப் பதவிக்கு வருகிறவர்களுக்கு ஓட்டல் அறையும் சாமான் கொண்டுவரும் செலவும் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே பல நிறுவனங்களில் உண்டு. லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அந்தக் கைதாங்கல், 22,000 ரூபாய்க்கு வருகிறவருக்குத்தான் அதிகம் தேவை.

என் அக்கா மகனுக்குக் கடைசியில் நாவலூரில் ஒரு மொட்டை மாடி அறை கிடைத்தது. நான்கு மாத அட்வான்ஸ். பாதி நான் கொடுத்தேன், பாதி அக்காவின் வளையல். சாவி வாங்கிய அன்று, சுவரில் இருந்த ஈரக்கறை, உடைந்த சுவிட்ச், மீட்டரில் ஓடியிருந்த யூனிட் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டார்கள். வங்கிக் கணக்கு வழியாகத்தான் தருவோம் என்பதில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக நின்றோம். வளையலை மீட்க அவனுக்கு ஏழு மாதமானது.